படி மூன்று பணம்

“இந்த மாதத்தில் இது பதினேழாவது வண்டி, அம்மா,” என்று பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, கச்சியப்பர் குத்தூசியை மூட்டைக்குள் செருகினார்.

உருவி, உள்ளங்கையில் தட்டினார். முதலில் தவிடு கொட்டியது. பிறகு துவரம்பருப்பு.

“மாட்டுத் தீனி என்றாயே?”

“மாட்டுத் தீனிதான், எஜமான்,” என்றான் வண்டிக்காரன் வீரணன்.

“மாட்டுக்கு எவனாவது துவரம்பருப்புப் போடுவானா?”

“நீங்க பருப்புக்குத்தானே விலை வெச்சீங்க? தீனிக்கு வெக்கலியே.”

காவலாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

கச்சியப்பர் குத்தூசியைத் தரையில் எறிந்தார்.

அவர் அந்த நாட்டின் விலை அதிகாரி. இடம், கணவாயின் உச்சி. எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் அவருடைய சாவடி. கல்லை ஒட்டி உலகம்மையின் தண்ணீர்ப் பந்தல். கணவாய் கடக்கிற எல்லோருக்கும் அங்கே மோர் உண்டு, மதியத்தில் சோறும் உண்டு. உலகம்மை அவரைவிட இருபது வயது இளையவள். இருந்தும் எட்டு வருஷமாக அவர் அவளுடைய சீடர். கேட்ட கேள்விக்கு அவள் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. அந்த எரிச்சல் அவருக்குக் குறைந்ததும் இல்லை.

“ஓலையை எழுது,” என்றார் காவலாளிடம். “பன்னிரண்டு கசையடி. வண்டியும் மாடும் பறிமுதல். அரக்கைக் காய்ச்சு, முத்திரை வைக்கிறேன்.”

“அடிச்சுக்குங்க, எஜமான்,” என்றான் வீரணன். “மாட்டை விட்டுருங்க. மாடு போனா நான் கலப்பையில என் பெண்டாட்டியையா பூட்டுறது?”

“அதைப் பருப்பு ஏற்றும்போது யோசித்திருக்க வேண்டும்.”

“யோசிச்சேன். படி மூணு பணம்னா விதைக்கே கட்டாதுன்னு யோசிச்சேன்.”

“வாயை மூடு!”

பந்தலிலிருந்து குரல் வந்தது.

“சாப்பிட வாரும், அதிகாரியாரே. கத்தினால் பசிக்கும்.”

கச்சியப்பர் கை கால் கழுவிப் பாயில் உட்கார்ந்தார். உலகம்மை அவர் முன் இலையைப் போட்டாள். அவர் தண்ணீர் தெளிக்கக்கூட மறந்து பேசத் தொடங்கினார்.

“என்ன தப்புச் செய்தேன், அம்மா? ஏழை வீட்டு அடுப்பில் பருப்பு வேக வேண்டும் என்று விலையை இறக்கினேன். இறக்கிய மூன்றாம் மாதம் ஊரில் ஒரு கடையிலும் பருப்பு இல்லை. எல்லாம் இந்தக் கணவாய் வழியாக ஓடுகிறது. இவனைப் போன்ற ஆட்கள்!”

“இவன் போகிறான், சரி. அந்தப் பக்கத்து வண்டிகள்? அறுப்புக்கு முன்னால், நம் களஞ்சியம் காய்கிற நேரத்தில் அவர்கள் கொண்டுவருவார்களே?”

“நின்றுவிட்டன.”

“ஏனாம்?”

“சாலை மோசம் என்று நினைத்தேன். கணவாய் முழுக்கக் கல் பாவினேன்.”

“பிறகு?”

கச்சியப்பர் வெளியே பார்த்தார். புதுச் சாலை வெயிலில் பளபளத்தது.

“நம் வண்டிகள் முன்னைவிட வேகமாகப் போகின்றன.”

உலகம்மை சோற்றைப் போட்டாள். அவள் உதட்டோரம் துடித்தது போல அவருக்குத் தோன்றியது.

“சிரிக்காதீர்கள், அம்மா. அரண்மனையில் ஏற்கெனவே சிரிக்கிறார்கள். அந்தப் பக்கத்து விலைபோல் படி ஏழு பணம் கொடுத்து ஏழை எப்படி வாங்குவான்? சொல்லுங்கள்.”

“மூன்று பணத்துக்கு வாங்கினானா?”

“கடையில் இருந்தால்தானே வாங்குவான்!”

“ஓகோ.”

“இந்த ‘ஓகோ’வுக்காகத்தான் எட்டு வருஷமாக மலை ஏறுகிறேன்.”

“நெய் விடட்டுமா?”

அவர் வேண்டாமென்று கையசைத்தார். பருப்பைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். இன்னொரு கவளம் எடுத்தார். இந்த முறை மெதுவாக மென்றார்.

“இது நம் செவல்காட்டுப் பருப்பு,” என்றார்.

“அப்படியா?”

“எனக்குத் தெரியாதா? நான் அந்த மண்ணில் பிறந்தவன். ஒரே கொதியில் மலர்ந்துவிடும். அந்தப் பக்கத்துப் பருப்பு நாள் முழுக்க வெந்தாலும் பல்லில் இடறும்.” அவர் முகம் மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தெளிந்தது. “எந்தக் கடை, அம்மா? யார் கொடுத்தது? அந்த ஆளுக்கு ராஜாவிடம் சொல்லிப் பட்டு வாங்கித் தருகிறேன். என் விலைக்கு விற்கிற ஒருத்தனாவது இருக்கிறானே!”

“அந்தப் பக்கத்துச் சந்தையில் வாங்கினேன்.”

கச்சியப்பரின் கை இலையிலேயே நின்றது.

“என்ன விலை?”

“ஏழரை. பேரம் பேசிப் பார்த்தேன். இந்தக் கணவாயை ஒளிந்து தாண்டிய பருப்பு, இதற்குக் குறையாது என்றுவிட்டான்.”

வண்டிச் சக்கரத்தின் நிழலில் குந்தியிருந்த வீரணன் சத்தமாகச் சிரித்துவிட்டான்.

“போன மாசம் நான் கொண்டுபோனதா இருக்கும், அம்மா. நல்லா வெந்துச்சா?”

“மலர்ந்தது, அப்பா.”

“எங்க காட்டு மண்ணு அப்படி.”

“இரண்டு பேரும் நிறுத்துகிறீர்களா?” என்றார் கச்சியப்பர். சத்தம் போட நினைத்தார். சோறு தொண்டையில் இருந்ததால் குரல் எழும்பவில்லை.

உலகம்மை அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“உம்முடைய ஓலையில், விற்றவனுக்குப் பன்னிரண்டு அடி. வாங்கினவருக்கு?”

அவர் இலையில் சோற்றை ஒதுக்கினார்.

“நீர் எழுதியதுதானே? மறந்துவிட்டதா?”

“அதே பன்னிரண்டு,” என்றார்.

“தின்றவருக்கு?”

“அதை எழுதவில்லை.”

“எழுதாமல் விட்டீரே. நல்லவேளை.” முதுகு தெரியும்படி தன் பின்னலை எடுத்து முன்பக்கம் போட்டுக்கொண்டாள். “என் பேரை இவன் பேருக்கு மேலே எழுதச் சொல்லும். அவன் மூன்று பணம் போதாது என்றுதான் போனான். நான் மூன்று பணத்துக்குக் கிடைக்காது என்று போனேன். என் குற்றம்தான் பெரிது.”

“அம்மா, விளையாடாதீர்கள்.”

“நானா விளையாடுகிறேன்?”

முதல் தடவையாக அவள் குரலில் சலிப்பு தெரிந்தது. “காலையில் இருபத்தாறு பேர் மலை ஏறி வந்தார்கள். சோறு போட்டேன். நாளைக்கும் வருவார்கள். நாளைக்குப் பருப்புக்கு நான் எங்கே போகட்டும்? நீர் விலை வைத்த பக்கத்துக்கா, பருப்பு இருக்கிற பக்கத்துக்கா? சொல்லிவிட்டு முத்திரையை வையும்.”

வெளியே மாடு ஒன்று மூச்சு விட்டது. மூட்டையின் துளையிலிருந்து தவிடும் பருப்பும் கலந்து மணியாக வழிந்துகொண்டிருந்தன. மாடு கழுத்தை நீட்டி அதை நக்கியது. கச்சியப்பர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காவலாள் ஒரு கையில் ஓலையும் ஒரு கையில் கரண்டியுமாகப் பந்தலுக்கு வந்து நின்றான்.

“அரக்கு ஆறுது, எஜமான்.”

கச்சியப்பர் மாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எஜமான், ஆறிட்டா மறுபடி காய்ச்சணும்.”

கச்சியப்பர் பாயின் ஓரத்துக்கு நகர்ந்தார். எச்சில் படாத இடது கையால் இன்னோர் இலையை இழுத்துப் பக்கத்தில் விரித்தார். செம்பைச் சாய்த்துத் தண்ணீர் தெளித்து, வண்டி நிழலில் இருந்த வீரணனைக் கையசைத்து அழைத்தார்.