கஜபதியின் நானூறு வரிகள்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவைத்த கெர்னல் அது; கணினியை எழுப்பி இயக்கும் மைய நிரல். அதில் பிழை பார்ப்பதும் குப்பை வரிகளை நீக்குவதும்தான் தமயந்திக்கு வேலை. அவள் அனுப்பிய திருத்தத்தைத் தன் லேப்டாப்பிலிருந்து எல்லோரும் பார்க்கத் திரையில் போட்டுவிட்டு, தலைமைப் பொறியாளர் கஜபதி கூட்ட அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"நான் எழுதின நானூறு வரியைத் தூக்கணுமா? அதுல ஒரு வரி போனாலும் மெஷின் எழுந்திருக்காது! முடிஞ்சா இப்பவே, இங்கேயே நிரூபி!"

"நிரூபிச்சாச்சு சார். உங்க லேப்டாப்புல போட்டுப் பார்க்கலாமான்னு திங்கட்கிழமை மெயில்ல கேட்டேன். மொத்த மாற்றத்தையும் கூடவே வச்சிருந்தேன். அரை நிமிஷத்துல 'படிச்சுட்டேன், ஓகே'ன்னு பதில் போட்டீங்க."

"அதனால?"

"நாலு நாளா அந்த வரிங்க இல்லாமத்தான் சார் உங்க லேப்டாப் எழுந்திருக்குது. இப்பவும் அதுலதான் எங்களுக்குக் காட்டிட்டிருக்கீங்க."

கஜபதி அப்போதுதான் உட்கார்ந்தார்.