பூவாத்தாவின் புதுக் கடைவாய்ப்பல்

"என் மகளுக்குத் திருட்டுக் கரும்பு கொடுத்துப் பல்லைக் கெடுத்தவன் எவன்? தைரியம் இருந்தால் முன்னால் வா!"

குளக்கரையில் நின்று கொம்பையா யானை பிளிறியது. தவளைகள் பயந்து தண்ணீரில் குதித்தன.

அதன் மகள் பூவாத்தாவுக்கு இரண்டு புதுக் கடைவாய்ப்பற்கள் முளைத்திருந்தன. இரண்டும் மஞ்சள். ஒன்றில் பழுப்புத் திட்டு வேறு. தண்ணீர் பட்டாலே கூசியது. மூன்று நாளாகக் குட்டி ஒரு புல்லைக்கூட மெல்லவில்லை.

"நான் கரும்பே தின்னலப்பா!"

"பொய்! இது அழுக்கு. யானைக்கு எல்லா அழுக்குக்கும் மண்தான் மருந்து!"

துதிக்கை நிறைய மணலை அள்ளி, பழுப்புப் பல்லைக் கரகரவென்று தேய்த்தது. கடக்! பல்லின் ஓரம் உடைந்து விழுந்தது. பூவாத்தா போட்ட அலறலில் ஒரு குரங்கு மரத்திலிருந்தே விழுந்துவிட்டது.

பல்வைத்தியர் மரங்கொத்தி பறந்து வந்து குட்டியின் வாய்க்குள் தலையை விட்டது.

"இவ பால் குடிக்கிற வயசுல அடிக்கடி காய்ச்சல் வந்ததா?"

"ஆமாம். அதுக்கென்ன?"

"அப்பதான் ஈறுக்குள்ள இந்தப் பல் உருவாகிட்டிருந்திருக்கு. பல்லு மேல இருக்கிற எனாமல் பூச்சு சரியா இறுகல. முளைக்கும்போதே குறை! கரும்பும் இல்ல, திருடனும் இல்ல!"

"அப்போ பிடுங்கிடுங்க!"

"பிடுங்க அவசரமில்ல! உடையாத பல்லுக்குக் கூச்சம் போக மருந்து பூசி, அதுல உள்ள பள்ளத்தைப் பிசினால அடைப்பேன். உடைஞ்ச பல்லுக்கு நத்தை ஓட்டால மூடி போடுவேன்."

"ஓடா? பார்க்கக் கேவலமா இருக்கும். அதுக்கும் பிசினே போடுங்க."

"பிசின் ஒட்டப் பல் எங்கய்யா மிச்சம்? பாதியை நீதான் தேய்ச்சுட்டியே!"

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பாதி ஓடு!"

"பாதித் துதிக்கையோட நீ நடமாடுவியா? வாயை மூடு! பாப்பா, நீ வாயைத் திற!"

மரங்கொத்தி முதலில் பச்சிலைச் சாறு விட்டு ஈறை மரத்துப்போகச் செய்தது. உடையாத பல்லுக்கு மருந்தும் பிசினும் பூசியது. பிறகு டொக், டொக், டொக்! மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. பூவாத்தா பயந்து பயந்து ஒரு மூங்கில் குருத்தைக் கடித்தது. கூசவில்லை! அடுத்த நிமிடம் ஒரு புதரையே காலி செய்தது.

"மூணு மாசத்துக்கு ஒருமுறை கூட்டிட்டு வா. மணலைத் தொட்டே, கொத்திடுவேன்!" என்றது மரங்கொத்தி.

கொம்பையா மெல்ல நழுவப் பார்த்தது. மரங்கொத்தி அதன் நெற்றியில் ஒரு கொத்து வைத்தது. "எங்க போறே? மக திருட்டுக் கரும்பு தின்னான்னு ஊருக்கே கேட்கக் கத்தினே. இப்ப அதே சத்தத்துல மன்னிப்புக் கேளு!"

குறையோடு முளைத்த பல்லுக்குப் பிள்ளைமேல் பழி போட்ட பெரியவரே, வைத்தியரிடம் பேரம் பேசியது போதும், முதலில் அந்தப் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேளும்!