பெருக்கித் தள்ளுன சந்தை

இதுல ஒரு சொல்லு பொய்யின்னா, நாளைக்கு என் சோத்துல கல்லு கெடக்கட்டும். அம்புட்டும் சத்தியம்.

"நான் ஊருக்குப் போறேன் தாயி!"

மண்வெட்டியத் தூக்கிப் போட்டான் பகாலு.

மெக்சிகோப் பக்கம் ஒரு காடு. அந்தக் காலத்து மாயா சனங்க யாவாரம் பண்ணுன பட்டணம் ஒண்ணு அங்க மண்ணுக்குள்ள கெடக்கு. அதத் தோண்டுற குரு, நிக்தேம்மா. சிஷ்யன் பகாலுக்குக் குருவவிட வயசு கூட. ரொட்டிக்கடைய மச்சான்கிட்ட குடுத்துட்டு, "அந்தப் பட்டணத்துச் சந்தையக் கண்டுபுடிக்காம வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு பொண்டாட்டிகிட்ட சவடால் விட்டுட்டு வந்தவன்.

"ஏண்ணே, என்ன கொறை?"

"என்ன கொறையா? கோயில் பக்கம் தோண்டுறவனுக்குப் பச்சைக்கல்லு மாலை. கல்லறைப் பக்கம் தோண்டுறவனுக்குச் சாயம் போகாத சட்டி. என்னய மட்டும் இந்த மொட்டத் திடல்ல போட்டு வதைக்கிறீங்க. மூணு மாசமாச் சலிக்கிறேன், சல்லடையில ஒரு ஓட்டாஞ்சில்லு நிக்கல!"

"கீழ விழுகுறத என்ன பண்றீங்க?"

"மண்ண என்ன பண்ணுவாங்க? கொட்டுறேன்."

குரு நெத்தியில அடிச்சுக்கிட்டா.

"வாங்க என்கூட."

பக்கத்து ஊருச் சந்தைத் திடலுக்குக் கூட்டிட்டுப் போனா. சந்தை நேத்தே முடிஞ்சாச்சு.

"நேத்து இங்க என்ன வித்தாங்க?"

"மீனு, சோளம், மொளகா. மீன் வாங்கியாந்ததே நாந்தான!"

"ஒரு செதிலு காட்டுங்க."

பகாலு குனிஞ்சு தேடுனான். செதிலு இல்ல. மொளகாக் காம்பு கூட இல்ல.

"யாவாரம் முடிஞ்சா பெருக்கித் தள்ளிட்டுத்தான போவாங்க? இதெல்லாம் ஒரு கேள்வியா?"



ஒரு சொறிநாய் வந்துச்சு. திடல் பூரா மோந்துச்சு. ஒரு எடத்துல நின்னு வெறுந்தரைய நக்க ஆரம்பிச்சுச்சு. சுத்தி அத்தனை தரை கெடக்கு, அங்கயேதான் நக்குது.

"அட, அது மீன்காரம்மா ஒக்காந்த..."

 பகாலு குனிஞ்சு ஒரு கை மண்ண அள்ளி மோந்து பாத்தான்.

"ஐயோ தாயி! பெருக்குனாலும் சந்தை மண்ணுலயே ஊறிக் கெடந்திருக்கே, கூடை கூடையா நான் எத அள்ளிக் கொட்டுனேன்? மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"மண்ண எடுத்து வைங்கன்னு வந்த அன்னிக்கே சொன்னேன். 'மண்ண எவனாச்சும் எடுத்து வைப்பானா'ன்னு சிரிச்சீங்க."

"தோண்டாத எடம் பாதி மிச்சம் இருக்குல்ல? எங்கருந்து எடுக்கட்டும், சொல்லுங்க!"

"என்னய ஏன் கேக்குறீங்க? அந்தா நிக்குது, அதக் கேளுங்க."

அம்புட்டுதான் கதை. ஒங்க காதுக்கு நான் போட்டாச்சு, என் வயித்துக்கு? அந்தச் சுண்டலு தட்ட இப்படித் தள்ளுங்க. காலித் தட்ட எவனாச்சும் நீட்டுனான், நக்கிப் பாத்து அவன் என்னென்ன தின்னான்னு ஊருக்கே சொல்லிப்புடுவேன்.