பூங்கா வாசலில் ஒரு நோட்டு

வைத்தியலிங்கத்துக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம். போன வாரம் மேலக்குளத்துப் பூங்காவில் எவனோ விளக்கை உடைத்துவிட்டான். குடியிருப்போர் சங்கத் தலைவராயிற்றே, சும்மா இருப்பாரா? வாசலில் ஒரு காவலாளி, அவர் கையில் ஒரு நோட்டு. வருகிறவர்கள் பெயர், ஊர், வந்த காரணம் எழுதிவிட்டு உள்ளே போகட்டும் என்றார். நல்லதைச் சொன்னவர் மேல் ஊரே பாய்ந்தது. மாலைக் கூட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் போதும், நாளைக்கே காவலாளி வந்துவிடுவார்.

குருவிடம் போய்க் கொட்டினார். தியானம் சொல்லித்தரும் மங்கையர்க்கரசிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

"அம்மா, வீட்டுக்கு வீடு டிவி இருக்கு, ஏசி இருக்கு. அங்கே இருக்கிறது நாலு வேப்பமரம், ஒரு குளம். அதுக்கு ஏன் ஜனங்க இப்படி உயிரை விடறாங்க?"

"வாங்க ஐயா, போய்ப் பார்ப்போம்."

பூங்கா வாசலில் குரு, அவர் கட்டம் போட்டு வைத்திருந்த புது நோட்டை வாங்கிக்கொண்டு கட்டைச்சுவரில் உட்கார்ந்தார்.

"பேர்?"

"என்னம்மா விளையாட்டு?"

"சொல்லுங்க."

"வைத்தியலிங்கம்."

"ஊர்?"

"பக்கத்துத் தெருதான்."

"முதல்ல எப்ப இங்கே வந்தீங்க?"

அவர் குரல் தணிந்தது. "மூணு வருஷம் ஆச்சு. என் சம்சாரம் பங்கஜத்துக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. மகன் முன்னால அழக்கூடாதுன்னு அத்தனை நாளும் அடக்கி வச்சிருந்தேன். இங்கே வந்து உட்கார்ந்ததும் உடைஞ்சுட்டேன்."

"யாரும் கேக்கலையா?"

"பெஞ்சுல ஒரு பொண்ணு வேர்க்கடலை தின்னுக்கிட்டிருந்தா. ஒரு வார்த்தை கேக்கல. பொட்டலத்தை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சுட்டுக் குளத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தா. இருட்டுற வரைக்கும் அழுதேன். அப்புறம் கடலை தின்னேன், அம்மா. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்."

சொல்லும்போதே அவர் கைகள் தாமாகக் குவிந்தன. கண் நிறைந்துவிட்டது. உள்ளே யாரோ ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். இரண்டு பெண்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போனார்கள்.

குரு அந்த நாளின் தேதியைக் கேட்டு எழுதினார். பிறகு நோட்டையும் பேனாவையும் அவரிடம் நீட்டினார்.

"வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதை எழுதிட்டு உள்ளே போங்க ஐயா."