இலையைப் புரட்டாத மூத்தவள்

பறவை ஒரு வார்த்தை கேட்டால் மனுஷர் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் இப்போதுபோல் கூட்டம் போட்டுத் திரிந்ததில்லை. தரையில் கால் வைத்ததும் இல்லை. குப்பையில் இறங்குவதெல்லாம் கோழி செய்கிற வேலை என்று ஆளுக்கொரு கிளையில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும்.

பூரணத்தின் வீட்டுக் கொல்லையில் அப்படி ஏழு பேர் இருந்தார்கள். ஏழும் ஒரு கூட்டில் பிறந்த அக்கா தங்கைகள். மூத்தவள் பேரம் பேசுவதில் எமகாதகி. முட்டையை உடைத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து யாரும் அவளுக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை. காக்கையிடம் கொத்து வாங்கி, பருந்திடம் பாதி வாலைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்ட பேச்சு அது. பாதித் தோசைக்குப் பேசப் போனால் முக்கால் தோசையோடு வருவாள். ஒரே ஒரு குறை, கோபம். அலகு நுனியிலேயே வைத்திருப்பாள்.

அது மாசி மாதம். விடிகாலையில் பனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். கொல்லை நடுவில் நின்ற பூவரசு பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. வயலில் அறுப்பு முடிந்து வேலை ஓய்ந்த நேரம். பூரணம் மத்தியானம் கைவேலை முடிந்ததும் மரத்தடியில் பாயை விரித்து, புளி தட்டி எடுத்த கொட்டைகளைப் பல்லாங்குழியில் நிரப்பி, இரண்டு பக்கத்துக்கும் தானே ஆடிக்கொண்டிருப்பாள். புருஷன் சந்தைக்குப் போனால் திரும்ப நாலு நாள் ஆகும். அவளுக்கு அந்தப் பதினாலு குழிதான் துணை. அதைப் பார்த்துப் பார்த்தே கொல்லையில் இருந்த அத்தனை உயிருக்கும் ஆட்டம் அத்துப்படி.

அந்த மாசியில்தான் வம்பு வந்தது. பனிக்குப் பூச்சி புழுவெல்லாம் எங்கோ ஒளிந்துவிட்டது. கொல்லைக் கடைசியில் இருந்த மருதாணி வேலியில் மட்டும் கொஞ்சம் இரை கிடைத்தது. பங்குனியில் கூடு கட்டவும் ஏழு பேரும் அந்த வேலியைத்தான் நம்பியிருந்தார்கள். ஒருநாள் காலையில் எங்கிருந்தோ ஒரு செம்போத்து வந்து, சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி அதற்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது.

"வேய், அது எங்க வேலி!" என்றாள் மூத்தவள்.

"பட்டா வச்சிருக்கியா?" என்றது செம்போத்து.

அவ்வளவுதான். மூன்று நாள் கூச்சல். பூரணத்தால் ஒரு குழி கூட நிம்மதியாக ஆட முடியவில்லை. நாலாம் நாள் அவளே எழுந்து வந்தாள்.

"ஏட்டி, உங்க சத்தத்துல எனக்கு எண்ணிக்கை தப்பிப் போவுது. இந்தா பலகை. ஆடுங்க. ஜெயிச்சவங்களுக்கு வேலி. தோத்தவங்க இந்தக் கொல்லையை விட்டே போயிரணும். அப்புறம் ஒரு கீச்சு எனக்குக் கேக்கக் கூடாது."

மூத்தவளுக்கு உள்ளூரத் திக்கென்றது. மாசிப் பனியில் ஆறு தங்கைகளையும் கூட்டிக்கொண்டு எந்த மரத்துக்குப் போவது? ஆனால் முகத்தில் காட்டவில்லை. காட்டுகிறவள் பேரம் பேச முடியுமா?

"ஆடலாம். ஆனா எனக்கு ஒரு நிபந்தனை உண்டு," என்றாள். "தோக்கிற மாதிரி வந்தா நைசா எந்திரிச்சுப் போற ஆளுங்களை எனக்குத் தெரியும். அதனால, ஆட்டம் முடியறதுக்கு முன்னால பலகையை விட்டு யார் எந்திரிச்சாலும் அவங்க தோத்ததா அர்த்தம்."

"சரி. எனக்கும் ஒண்ணு," என்றது செம்போத்து. "உனக்கு ஆறு தங்கச்சிமாரு. அவளுகளுக்கு ஆறு வாய். பார்க்கிறவங்க வாய் தொறக்கக் கூடாது, பலகையில கை வைக்கவும் கூடாது."

"யக்கா, ஒத்துக்காதே!" என்று கத்தினாள் கடைக்குட்டி.

மூத்தவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "போடி! புளியங்கொட்டையை எண்ண எனக்கு ஆறு பேர் வேணுமாக்கும்? சம்மதம் வேய், உட்காரும்."

அணிலை நடுவராக வைத்தார்கள். அணில் பலகையின் தலைமாட்டில் உட்கார்ந்து, முன்னங்கால் இரண்டையும் வயிற்றில் கட்டிக்கொண்டது.

ஆட்டம் தொடங்கியது. என்ன ஆட்டம்! மூத்தவள் அலகால் கொட்டைகளைக் கொத்தி டக் டக்கென்று குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனாள். செம்போத்து ஒவ்வொன்றையும் உருட்டிப் பார்த்து, யோசித்து, பெருமூச்சு விட்டுப் போட்டது. ஒரு சுற்று அவளுக்கு, ஒரு சுற்று அதற்கு. கிளையில் இருந்த ஆறு பேரும் கத்த முடியாமல் தவித்தார்கள். கடைக்குட்டி ஒரு பூவரசம்பூவை வாயில் அடைத்துக்கொண்டாள். பூரணமும் பாயில் முன்னால் நகர்ந்து, தாடையில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு பேர் ஆடி அவள் பார்த்தே எத்தனை நாளாயிற்று!

கடைசிச் சுற்று வந்தது. செம்போத்தின் பக்கத்தில் ஒரே குழியில் பதினொரு கொட்டை குவிந்து கிடந்தது. அதை யார் அள்ளுகிறார்களோ அவர்களுக்குத்தான் வேலி. அள்ளுவதற்கு ஒரு வழி உண்டு. போட்டுக்கொண்டே வந்து கொட்டை தீர்ந்ததும், அடுத்த குழி காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலிக் குழியைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குழியும் காலியாக இருந்தால் ஒன்றும் கிடையாது, முறை கைமாறிவிடும்.

மூத்தவள் கணக்குப் போட்டு ஒரு குழியை அள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனாள்.

"வலசை போற வழியில நல்ல மரமா இருந்தா சொல்லி அனுப்புளா," என்றது செம்போத்து.

அவளுக்குக் கழுத்து இறகு சிலிர்த்தது. நாலு, ஐந்து.

"பனிக்குக் கடைக்குட்டி தாங்குவாளா? மெலிஞ்ச உடம்பு."

ஆறு. கடைசிக் கொட்டை விழுந்தது. அடுத்த குழி காலி. தடவினாள். அதற்கடுத்த குழியைப் பார்த்தாள்.

சற்றுமுன் அவள் செம்போத்தை முறைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில்தான், பூவரசிலிருந்து ஒரு பழுத்த இலை சுற்றிச் சுற்றி வந்து அந்தக் குழியின் மேல் படுத்திருந்தது. காலிக் குழிகளில் காலையிலிருந்து இப்படி எத்தனையோ இலை விழுந்து கிடந்தது. கோபத்தில் அவளுக்குப் போட்ட கணக்கு குழம்பிவிட்டது; இதுவும் அப்படியொரு காலிக் குழி என்று நினைத்தாள். புரட்டிப் பார்க்கவில்லை. அணிலுக்குக் கண் பிதுங்கியது, ஆனால் வாய் திறக்கக் கூடாதே. கிளையில் ஆறு தொண்டையும் வெடிக்கிற மாதிரி புடைத்தது, ஆனால் வாய் திறக்கக் கூடாதே!

"காலியா? ஐயோ பாவம்," என்றது செம்போத்து, மெல்லச் சிரித்து.

"நீரும் உம்ம ஆட்டமும்! திருட்டுப் பலகை!" என்று கத்திக்கொண்டு மூத்தவள் சிறகை அடித்து எழுந்துவிட்டாள்.

அவள் சிறகடித்த காற்றில் இலை பறந்து தரையில் போய் விழுந்தது. குழியில் பதினொரு புளியங்கொட்டையும் வெயிலில் பளபளவென்று மின்னின.

"இப்ப நான் வாயைத் தொறக்கலாமா?" என்றது அணில், பரிதாபமாக. "எந்திரிச்சவங்க தோத்தவங்க. நீ சொன்ன நிபந்தனைதான் மூத்தவளே."



மூத்தவள் அந்த இலையைப் பார்த்தாள். எல்லாம் இதனால்தான். பிறந்ததிலிருந்து தொடாத தரையில் தொப்பென்று குதித்தாள். காலால் விட்டாள் ஓர் உதை. இலை புரண்டது.

அடியில் ஒரு வெள்ளைப் புழு. நல்ல கொழுத்த புழு. பக்கத்துச் சருகு ஓரத்தைச் சும்மா அலகால் நெம்பினாள். நாலைந்து கரையான், ஒரு சின்னப் பாச்சை. பனிக்குப் பயந்த பூச்சியெல்லாம் ஒளிந்த இடம் இதுதான்! மரத்தடி முழுக்கச் சருகு. ஒவ்வொரு சருகுக்கும் அடியில்...

அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆனால் முகம்? முகம் இழவு வீட்டு முகம். இலையை மெதுவாக இழுத்து மறுபடி மூடி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"தோத்துட்டேன் செம்போத்தாரே," என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. தங்கைகள் கிளையில் ஆடிப்போனார்கள். "வேலி உமக்கு. மரத்துல உள்ள பச்சை இலை பூராவும் உமக்கு. கிணத்தடியும் உமக்கு. போறவளுக்கு ஒண்ணே ஒண்ணு குடும். இந்த விழுந்த சருகு. என் புத்தியைக் கெடுத்தது இதுதான். பாத்துப் பாத்து அழணும்."

"சருகா!" செம்போத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எடுத்துக்கோளா! இந்த மரத்தடி மட்டும் ஏன், உலகத்துல எங்கெங்க சருகு கிடக்கோ அம்புட்டும் உனக்கே."

"ஐயையோ, அம்புட்டையும் வச்சு நான் என்ன செய்ய? வேண்டாம் வேய்."

"வேண்டாம்னு சொல்லப்படாது! வாங்கித்தான் ஆகணும்."

"சரி, உம்ம பேச்சைத் தட்ட முடியல. என் பொருள் கிடக்கிற இடத்துல நானும் தங்கச்சிமாரும் நிக்கலாமில்ல?"

"பின்ன அந்தரத்துலயா நிப்பே?"

மூத்தவள் பூரணத்தின் பக்கம் திரும்பினாள். "மயினி, கேட்டீங்களா? அணிலண்ணே, கேட்டீரா?"

"கேட்டோம்," என்றார்கள் இருவரும்.

அடுத்த நொடி மூத்தவள் இலையைப் புரட்டி வீசினாள். "ஏட்டி, எல்லாரும் எறங்குங்கட்டி!"

ஏழு பேரும் ஒரே நேரத்தில் தரையில். சருகு நாலாபுறமும் பறந்தது. புழு, பாச்சை, கரையான்! "யக்கா, இங்க பாரு!" "இங்கயும் இருக்கு!" "இந்த இலைக்கு அடியிலயும்!" காலையிலிருந்து அடக்கி வைத்த கூச்சல் மொத்தமும் அப்போதுதான் வெடித்தது. பூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஏமாந்தது புரிந்ததும் செம்போத்தின் கண் இரண்டும் கோபத்தில் சிவந்தன. "பூரணம்! நாளைக்குக் காலையில துடைப்பத்தை எடுத்து எல்லாத்தையும் பெருக்கித் தள்ளு!"

மூத்தவள் திரும்பினாள். "மயினி, உங்க வீட்டு மண்சுவத்துல கரையான் ஏறுதே, அதை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க முன்வாசலை மட்டும் பெருக்குங்க. பூவரசடியை விட்டுருங்க."

"ரெண்டு சுவரையாவது பாப்பீங்களா?" என்றாள் பூரணம்.

"நாலு சுவரையும்!"

பூரணம் துடைப்பத்தை முன்வாசல் மூலையில் கொண்டுபோய்ச் சாத்தினாள்.

செம்போத்து சிவந்த கண்ணோடு இன்றைக்கும் வேலிக்குள் உட்கார்ந்து உக்கும் உக்கும் என்று முனகுவது அந்த மாசியிலிருந்துதான். தவிட்டுக்குருவிகள் ஏழு ஏழாகத் தரையில் இறங்கி, ஒரு சருகு விடாமல் புரட்டத் தொடங்கியதும் அன்றைக்குத்தான். மூத்தவள் அதற்குப் பிறகு தங்கைகளின் வாயை ஒருநாளும் அடைக்கவில்லை. தப்பித் தவறி அவள் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டால் போதும், ஆறு பேரும் சேர்ந்து கத்துகிறார்கள்: "யக்கா, அந்த இலை! அந்த இலை!"