பேச்சி ஊற்றிய குடம்

செத்துப்போன நெற்பயிர்களைப் பிடுங்கி, வேர்களைத் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள் நாச்சியார். முனைவர் பட்டத்துக்காக நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு இது நாலாவது வருஷம்.

போன வருஷம் இதே நெல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நாற்பது நாள் நின்றது. அவளும் அவள் ஆசிரியர் தாவீது ஐயாவும் அதைக் கட்டுரையாக எழுதினார்கள். அதை நம்பி வானம் பார்த்த ஊர்கள் பன்னிரண்டுக்கு விதையும் போயாகிவிட்டது. முதல் மழை விழுந்ததும் விதைத்துவிடுவார்கள். இங்கேயோ இந்த வருஷம் அதே சோதனையில் இருபதாம் நாளே பயிர் காய்ந்து சாய்ந்துவிட்டது. ஏனென்றுதான் தெரியவில்லை.

மகள் பிரசவத்துக்குப் போயிருந்த வயல் வேலைக்காரி பேச்சி அன்றைக்குத்தான் திரும்பி வந்தாள். பாத்தியைப் பார்த்ததும் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"நான் இருந்திருந்தா சாகவிட்டிருப்பேனா, தாயி?"

"நீங்க என்ன பண்ணியிருப்பீங்க, அக்கா?"

"போன வருசம் பண்ணதத்தான். பாலுக்கு ஏங்குற புள்ளையாட்டம் வாடி நின்னுச்சு. மனசு கேக்கல. நீங்கள்லாம் சாப்பிடப் போற நேரத்துல தினம் ஒரு குடம் ஊத்திட்டு வருவேன்."

நாச்சியாரின் கையிலிருந்த வேர் நழுவித் தொட்டியில் விழுந்தது.

சாயங்காலம் ஐயாவைத் தொட்டியடிக்கு அழைத்து வந்து சொன்னாள். அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. முப்பது வருஷத்தில் அவர் பேர் சொல்ல இருந்தது அந்த ஒரு கட்டுரைதான்.

"தப்புன்னு எழுதி, கட்டுரையத் திரும்ப வாங்கிட்டா உங்க பேர் என்ன ஆகும், ஐயா?"

"போயிரும்."

"என் பட்டம்?"

"அதுவுந்தான்."

"நாம பொய் எழுதலையே. கண்ணால பாத்ததத்தானே எழுதினோம்."

"ஆமாம்மா."

அவள் குரல் தாழ்ந்தது. "பேச்சியக்கா யார்கிட்டயும் சொல்லமாட்டாங்க. நாம மூணு பேருக்குத்தான் தெரியும்."

ஐயா மெல்ல எழுந்தார். பேச்சியின் குடத்தை எடுத்துத் தொட்டியில் முக்கினார். தூக்கும்போது பாதித் தண்ணீர் அவர் வேட்டியிலேயே சிந்தியது. மறுபடியும் முக்கி, நிறைத்து, அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

"தூக்கு."

தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனத்தது.

"எங்க ஊத்தணும், ஐயா?"

"பன்னெண்டு ஊர் இருக்கேம்மா. நீ எந்த ஊர்ல ஆரம்பிக்கப் போற?"