அறுகு தன் நுனியைக் கொடுத்த மழைக்காலம்

அந்தக் காலத்தில் எந்த உயிருக்கும் தின்னத் தெரியாது. வாய் பேசுவதற்கு மட்டும்தான். முயல், மான், பருந்து எல்லாம் பகலில் மலைச்சரிவில் மல்லாந்து கிடக்கும். வெயில் உடம்பில் இறங்கினால் பசி அடங்கும். எழுந்து கொஞ்சம் ஓடினால் மறுபடியும் பசிக்கும், மறுபடியும் வந்து படுக்க வேண்டும்.

அறுகம்புல்லும் அதே வெயிலைத்தான் குடித்தது. ஆனால் ஒரு சொட்டைக்கூட வீணாக்காமல் இலைக்குள் சேர்த்து வைத்தது.

“யாருக்காக அக்கா இப்படிச் சேர்க்கிறே?” என்று பூவாயி என்ற முயல் கேட்டாள்.

“நான் என்ன, ஓடவா போறேன்? நின்ன இடத்திலேயே நிக்கிறவளுக்கு என்ன செலவு?” என்று அறுகு சிரித்தது.

ஒரு வருஷம் மழை பிடித்தது; விடவே இல்லை. மேகம் மலைமேல் குந்திவிட்டது. வெயில் இல்லாமல் எல்லாரும் சுருண்டார்கள். பூவாயியின் கடைக்குட்டி செம்பன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் அவனைக் கவ்விக்கொண்டு பாறைமேல் இருந்த பருந்திடம் போனாள்.

“அண்ணே, மேகத்துக்கு மேல பறந்து கொஞ்சம் வெயில் கொண்டாந்து குடுங்களேன்.”

“இறக்கையைத் தூக்கவே தெம்பில்லை, தாயி. என் குஞ்சுங்களும் இப்படித்தான் கிடக்குதுங்க.”

பூவாயி அழுதபடி சரிவில் இறங்கினாள். அறுகு அவளைக் கூப்பிட்டது.

“பிள்ளையை எம்மேல படுக்க வை. எங்கிட்ட வெயில் இருக்கு.”

படுக்க வைத்தாள். இலை சில்லென்று இருந்தது. உள்ளே இருந்த வெயில் வெளியே வரவில்லை. அறுகுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. இலையை உடைத்தால்தான் அது வெளியே வரும் என்று தோன்றியதும் சொன்னது:

“என் நுனியை அவன் வாயில வை. கடிக்கச் சொல்லு.”

“ஐயோ! உனக்கு வலிக்காதா?”

“யாருக்குத் தெரியும்? இதுவரைக்கும் யாரும் என்னைக் கடிச்சதில்லையே!”

செம்பன் கடித்தான். அறுகு ஒருமுறை நடுங்கியது. பச்சைச் சாறு அவன் தொண்டையில் இறங்கியது. காது அசைந்தது. கண் திறந்தது. “இன்னும்” என்றான்.

அதைப் பார்த்து மற்ற குட்டிகள் வந்தன, மான்கள் வந்தன. புல் தரையோடு தரையாகக் குட்டையாகிவிட்டது. பூவாயி குறுக்கே விழுந்து, “போதும், வேரைத் தொடாதீங்க!” என்று கத்தினாள். அன்றிலிருந்து இரவும் பகலும் அவள் அந்த வேர்மேலேயே உட்கார்ந்திருந்தாள், மண் கரைந்து போகாமல்.

“அழாதே. இனிமே நான் நுனியில வளர மாட்டேன், அடியிலயே வளர்றேன். கடிச்சாலும் வந்துடுவேன்” என்றது அறுகு. சொன்னபடியே துளிர்த்தது. பூவாயியும் அந்தத் துளிரைத் தின்றாள்.

ஆனால் நனைந்து நனைந்து பூவாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது; இனிப் பிழைக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பருந்தின் வளைந்த அலகுக்குப் புல் அகப்படாது என்பது அவளுக்குத் தெரியும். பருந்தைக் கூப்பிட்டனுப்பினாள்.

“அண்ணே, என் மூச்சு நின்னதும் என்னை எடுத்துட்டுப் போங்க. அக்கா குடுத்த வெயில் எங்கிட்ட மிச்சம் இருக்கும். உங்க குஞ்சுங்களும் கண்ணு திறக்கட்டும்.”

அப்படியே நடந்தது. ஆனால் எல்லாக் குஞ்சுகளுக்கும் அது போதவில்லை, ஒன்றுதான் தேறியது. பருந்து கீழே வந்து உட்கார்ந்தது.

“இத்தனை நாளாப் புல்லைத் தின்னவ உடம்புல இவ்வளவுதானா இருந்துச்சு?” என்று கேட்டது.

“ஓடினா, துள்ளினா, குட்டிங்களைக் கதகதப்பா வச்சிருந்தா. மழையில என்னைக் காத்தா. வாழ்ந்ததுலயே பெரும்பாலும் செலவாகிப் போச்சு அண்ணே. மிஞ்சினதுதான் உங்க கைக்கு வந்துச்சு” என்றது அறுகு.

பருந்து தேறிய குஞ்சிடம் பறந்து போனது.

மழை விட்டு வெயில் வந்தபோது யார் உடம்பிலும் அது பழையபடி இறங்கவில்லை. தின்று பழகிய உடம்பு வெயில் குடிப்பதை மறந்துவிட்டிருந்தது. வெயிலைக் குடிக்க இன்று பச்சிலைக்கு மட்டும்தான் தெரியும். எத்தனை முறை மேய்ந்தாலும் புல் அடியிலிருந்து எழுந்து வருவதும், மலை கொள்ளாத புல்லுக்குக் கொஞ்சம் முயல்களும் அத்தனை முயல்களுக்கும் மேலே வானத்தில் ஒன்றிரண்டு பருந்துகளும் மட்டுமே இருப்பதும் அந்த மழையிலிருந்துதான்.